பதினான்கு நாடுகளின் மன்றம்

2019 டிசம்பர் கடைசியில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிக்குள் போனவர் கையில் நான்கு சீட்டுகளைக் கொடுத்தார்கள். ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். இயந்திரம் கிடையாது. ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, மை அப்பாமல் மடித்து, பெட்டியில் போட வேண்டும். முதல் இரண்டில் கட்சிச் சின்னத்துக்கு இடமில்லை. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா மாதிரியான சுயேச்சைச் சின்னங்கள்தான். பச்சையிலும் மஞ்சளிலும் உதயசூரியனும் இரட்டை இலையும் வந்துவிடும்.

நாமக்கல் மாவட்டம் அந்த 27-இல் ஒன்று. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் கொல்லிமலை வாக்காளரும் இந்த நான்கிலும் முத்திரை குத்தினார். எந்தச் சீட்டுக்கு எவ்வளவு கனம் என்று பார்த்தால், கீழிருந்து மேலே போகப் போக மலையின் பலம் தேய்வது தெரியும். ஊராட்சியில் அது முழு ஆள். ஒன்றியத்திலும் கிட்டத்தட்ட அப்படியே. மாவட்டத்தில் அது ஒரு முனகல். மன்றங்களை உருவாக்கும் விதிகளில் நியாயம் இல்லாததால் இப்படி ஆகவில்லை. சமவெளியை மனத்தில் வைத்து எழுதிய தலைக்கணக்கு, மலைக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணியதால் வந்தது.

நாடு என்ற எல்லை

கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் 14 கிராம ஊராட்சிகள். வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, திண்ணனூர்நாடு, தேவனூர்நாடு, சேலூர்நாடு, குண்டூர்நாடு, குண்டனிநாடு, ஆலத்தூர்நாடு, பைல்நாடு, எடப்புளிநாடு, சித்தூர்நாடு, திருப்புளிநாடு, பெரக்கரைநாடு. ஒன்றிய அலுவலகம் இருக்கும் செம்மேடு வாழவந்திநாட்டில் இருக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயில் வளப்பூர்நாட்டில். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் சரிவுகளிலும் பள்ளங்களிலும் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள். மலை முழுதும் சேர்த்தால் இருநூறைத் தாண்டும். மக்கள் ஏறத்தாழ 40,000 பேர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மலையாளி என்று அரசுப் பட்டியல் குறிக்கும் பழங்குடியினர். கேரளத்தோடு அவர்களுக்குச் சம்பந்தம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை, தமிழ்தான் பேச்சு.

இந்தப் பதினான்கு பெயர்களையும் வருவாய்த்துறை அதிகாரி யாரும் மேசையில் உட்கார்ந்து சூட்டவில்லை. ஊராட்சிச் சட்டம் வருவதற்கு வெகு காலம் முன்பே நாடு என்பது இங்கே வழக்கு தீர்க்கும் எல்லை, திருவிழாவுக்கு வரி பிரிக்கும் எல்லை. சேலம் மாவட்ட மலைகளைப் பற்றி எழுதிய பழைய கெசட்டியர்களும் இனவரைவியல் நூல்களும் பட்டக்காரர், மூப்பன், கங்காணி என்று பதவிகளைக் குறித்து வைத்திருக்கின்றன. ஊருக்கு ஊர்க்கவுண்டர் உண்டு. தப்பு செய்தவனுக்கு அபராதம் போடுவது, கணவன் மனைவி பிரிந்தால் பரியத்தைத் திருப்பி வாங்கித் தருவது, நிலத் தகராறில் எல்லைக்கல்லை நடுவது எல்லாம் அந்தக் கூட்டத்தின் வேலை. பதவி தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். பெண்ணுக்கு அங்கே பேச்சு கிடையாது.

ஊராட்சி எல்லைகளை வகுத்தவர்கள் இந்த நாட்டு எல்லைகளை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் இது அபூர்வம். சமவெளியில் வருவாய்க் கிராமமே ஊராட்சியாக மாறியது. இரண்டு மூன்று ஊர்களை ஒட்டுப்போட்டு ஒன்றாக்கிய இடங்களில், ‘பஞ்சாயத்து போர்டு எந்த ஊரில்’ என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. கொல்லிமலையில் தேர்தலுக்கு முன்பே மக்கள் ‘நாங்கள் ஒரே நாடு’ என்று எண்ணிக்கொண்டிருந்த எல்லைக்குள்ளேயே வாக்குப்பெட்டி வந்து உட்கார்ந்தது. எல்லை பழையது, ஆளும் முறை புதியது. பட்டக்காரர் குடும்பத்தில் பிறக்காதவரும், பெண்ணும், இருபத்தொரு வயது நிரம்பியவரும் அந்த எல்லைக்குத் தலைவராகலாம். 2016-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் திருத்தப்பட்டு, மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு என்றிருந்த ஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது. 2019 தேர்தல்தான் அதன் முதல் பெரிய சோதனை. நாட்டுக் கூட்டத்தில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கூட்டத்தை நடத்தும் நாற்காலிக்கு வர, மலையில் நடந்த எந்தச் சீர்திருத்தமும் இவ்வளவு செய்ததில்லை என்பேன். கணவரே கையெழுத்து முதற்கொண்டு பார்த்துக்கொள்கிறார் என்ற புகார் உண்மைதான். அது நாமக்கல்லிலும் சென்னையிலும் கூட உண்மை.

கிராம சபையில் மட்டும் புதிய முறை மலையின் தரையோடு மோதுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஊராட்சியின் மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேரும், அதற்கு மேல் 10,000 வரை என்றால் 200 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். சமவெளியில் ஒரு தெருவைக் கூப்பிட்டாலே நூறு பேர் கூடிவிடுவார்கள். இங்கே ஒரு நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடையும் மேடும் கடந்து நடக்க வேண்டும். ஆகஸ்ட் 15 மழைக்காலத்தில் வருகிறது, களையெடுப்பு நேரம். கையெழுத்துப் புத்தகத்தைப் பிறகு வீடு வீடாக எடுத்துப்போய் நிரப்பும் பழக்கம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது; மலையில் அதற்கான காரணம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. பெரிய ஊராட்சிக்குள் ஒவ்வொரு குக்கிராமத் தொகுதிக்கும் தனிச் சபை என்று மாற்றினால் இது தீரும். அதைச் செய்ய மாநில அரசு நினைத்தால் போதும்.

யூனியன் ஆபீசில் யார் உட்காருகிறார்கள்

ஒன்றியத்துக்கு வருவோம். ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு வார்டு என்பது ஒன்றியக் குழுவின் கணக்கு. தமிழ்நாட்டில் மொத்தம் 388 ஒன்றியங்கள், 6,471 வார்டுகள். கொல்லிமலையின் 40,000 பேரை அந்த அளவுகோலில் வைத்தால் எட்டு சொச்சம் கவுன்சிலர்கள். அவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக, ஊர் வழக்கில் சேர்மனாக, தேர்ந்தெடுப்பார்கள். 2019 தேர்தலில் வென்றவர்கள் 2020 ஜனவரி 6-இல் பதவியேற்றார்கள். தலைவர், துணைத்தலைவர் மறைமுகத் தேர்தல் ஜனவரி 11-இல் நடந்தது. இடையில் இருந்த அந்த ஐந்து நாட்கள் தமிழ்நாட்டு அரசியலின் தனி அத்தியாயம். கவுன்சிலர்களை வேன் வைத்துச் சுற்றுலா கூட்டிப்போவது, கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வது எல்லாம் நாம் படித்த செய்திகள்தான். மன்றம் சிறிதாக இருக்க இருக்க ஒருவரின் மனமாற்றத்துக்கு விலை ஏறும். எட்டுப் பேர் மன்றத்தில் நாலுக்கு நாலு என்று நின்றுவிட்டால், சமநிலையைக் குலுக்கல் சீட்டு தீர்க்க வேண்டியதுதான்.

இப்படி ஒரு சிறு மன்றம் அமைவதற்கு முன்பு வேறொரு முறை இருந்தது. காமராஜர் ஆட்சியில் வந்த 1958-ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிகள் சட்டத்தின்படி, கிராம ஊராட்சித் தலைவர்களே ஒன்றியக் குழுவின் உறுப்பினர்கள். அந்த முறையைக் கொல்லிமலையின் இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் பதினான்கு நாடுகளும் பதினான்கு நாற்காலியில் உட்காரும். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இந்தத் தொடர்பை அறுத்தது. ஒன்றிய வார்டுக்குத் தனித் தேர்தல், தனி உறுப்பினர். தலைக்கணக்குப்படி வார்டு பிரிக்கும்போது, சிறிய நாடுகள் இரண்டை ஒன்றாகச் சேர்க்க வேண்டும், பெரிய நாட்டைத் துண்டாக்க வேண்டும். விளைவு என்னவென்றால், கவுன்சிலர் இரண்டு நாடுகளுக்குச் சொந்தக்காரர். ஊராட்சித் தலைவருக்கோ தன் நாட்டின் சாலையைப் பற்றி ஒன்றியக் கூட்டத்தில் பேச வழியில்லை. ஒரே குக்கிராமத்துத் தண்ணீர்த் தொட்டியைத் தலைவர் ஒரு திட்டத்தில் கேட்பார், கவுன்சிலர் இன்னொரு திட்டத்தில் கேட்பார், இருவரும் வேறு வேறு கட்சியாக இருந்தால் தொட்டி இரண்டும் வராது.

அரசமைப்பின் 243சி பிரிவு இதற்கு வழி விட்டுத்தான் வைத்திருக்கிறது. கிராம ஊராட்சித் தலைவர்களை இடைநிலை மன்றத்திலும், இடைநிலைத் தலைவர்களை மாவட்ட மன்றத்திலும் உட்கார வைக்க மாநிலச் சட்டமன்றம் ஏற்பாடு செய்யலாம் என்கிறது அது. சமவெளியில் 30, 40 ஊராட்சிகள் உள்ள ஒன்றியத்தில் எல்லாத் தலைவர்களையும் சேர்த்தால் கூட்டம் சந்தையாகிவிடும் என்ற பயம் நியாயம். பதினான்கே ஊராட்சிகள் உள்ள கொல்லிமலையில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. மலை ஒன்றியங்களுக்கு மட்டும் 1958 முறையை 1994 முறையோடு கலந்து வைக்கலாம். இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்த மாதிரியே தெரியவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு.

ஒன்றியக் குழுவின் தீர்மானத்தை நிறைவேற்றுபவர் வட்டார வளர்ச்சி அலுவலர். மலையில் எல்லாருக்கும் அவர் பிடிஓ. ஒன்றியத்துக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர் என இரண்டு பிடிஓக்கள். ஊராட்சித் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிப் பணம் நகரும். இருவருக்கும் ஆகாமல் போனால் ஊராட்சியே உறைந்துவிடும். அப்படி உறைந்த ஊராட்சிகள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. அவர்களுக்கெல்லாம் மேலே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற தகுதியில் மாவட்ட ஆட்சியர். 1994 சட்டத்தின் 205-ஆம் பிரிவின் கீழ் தலைவர்மீது நடவடிக்கையைத் தொடங்குவது அவர்தான். வாக்கு வாங்கி வந்தவரை நீக்கும் அதிகாரம் வாக்கே வாங்காதவர் கையில் இருப்பது, நாம் பழகிப்போனதால் மட்டும் விசித்திரமாகத் தெரியாத ஒன்று.

மாவட்டத்தில் ஒரு முனகல்

மாவட்ட மன்றம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் கழகம், அதாவது ஜில்லா போர்டு, வந்தது. சாலை, சத்திரம், பள்ளிக்கூடம், மருத்துவமனை அதன் கையில். தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு தனி வரி போட்டுப் பணம் சேர்த்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு ரயில் பாதையே போட்டது. 1894-இல் அதில் ரயில் ஓடியது. இன்று மாவட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர் ரயில் விடப்போகிறேன் என்றால் கூட்டத்தில் சிரிப்பார்கள். 1920 சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டுகளில் தேர்தலின் பங்கு பெருகியது. நீதிக்கட்சிக்கும் காங்கிரசுக்கும் அது பயிற்சிக் களம். 1950களின் இறுதியில் ஒன்றியங்களுக்கு அதிகாரத்தைக் கொடுத்த கையோடு ஜில்லா போர்டுகள் எடுக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் ஆட்சியர் தலைமையில் ஆலோசனை மட்டும் சொல்லும் மாவட்ட வளர்ச்சி மன்றம் வந்தது. தேர்ந்தெடுத்த மாவட்ட மன்றம் மறுபடியும் கிடைக்க 1996 அக்டோபர் தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியது. ஆகவே இந்த மாவட்டமும் அதன் மன்றமும் ஏறக்குறைய ஒரே வயது.

புதிய மன்றம் பழைய போர்டின் நிழல்கூட இல்லை. அதற்குச் சொந்த வரி கிடையாது. மாநில வரி வருவாயில் ஊரக உள்ளாட்சிகளுக்கு வரும் பங்கில் மாவட்ட ஊராட்சிக்குப் போவது 8 விழுக்காடு. மீதி ஒன்றியத்துக்கும் கிராமத்துக்கும். இந்தப் பங்கீடு கிராமத்துக்கு நல்லதுதான், அதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் மாவட்டத் திட்டக் குழு என்று ஒன்று இருக்கிறது. அரசமைப்பின் 243இசட்டி பிரிவின்படி அமைவது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கு மாவட்ட ஊராட்சி, நகர மன்ற உறுப்பினர்களிலிருந்து, கிராம நகர மக்கள்தொகை விகிதப்படி தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தலைவர் மாவட்ட ஊராட்சித் தலைவர், துணைத்தலைவர் ஆட்சியர். காகிதத்தில் மாவட்டம் முழுமைக்கும் திட்டம் போடும் இடம் இது. அங்கே போக மாவட்டக் கவுன்சிலராக இருக்க வேண்டும்.

மாவட்ட வார்டின் அளவுகோல் 50,000 பேர். தமிழ்நாடு முழுக்க 655 வார்டுகள். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளையும் சேர்த்தாலும் ஒரு வார்டு நிறையாது. வரையறை எப்படிச் செய்தாலும் மலைக்கு ஒரு நாற்காலிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதிலும் அடிவாரத்து வாக்குகள் கலந்துவிட்டால் அந்த ஒன்றும் மலையுடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நாமக்கல் மாவட்டத்தின் 2011 மக்கள்தொகை 17.26 லட்சம், பழங்குடியினர் சுமார் 3 விழுக்காடு. கோழிப்பண்ணையும் லாரித் தொழிலும் விசைத்தறியும் சேர்ந்த மாவட்டம் இது. பரமத்தி வாய்க்காலுக்கும் திருச்செங்கோடு சாலைக்கும் பேசப் பலர் இருக்கும் மன்றத்தில், மலையில் இருந்து ஒரு குரல். சட்டமன்றத்திலும் கதை இதுதான். 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டே. கொல்லிமலை சேந்தமங்கலத்தில் இருக்கிறது, ஆனால் அங்கும் சமவெளி வாக்குகள்தான் பெரும்பான்மை.

தீர்மானம் வேறு, சட்டம் வேறு

இதுவரை சொன்ன மூன்று மன்றங்களும் சட்டமியற்றும் மன்றங்கள் அல்ல. தீர்மானம் போடும் மன்றங்கள். துணைவிதிகள் எழுதச் சிறு வாய்ப்பு உண்டு, அதற்கும் மேலே ஒப்புதல் வாங்க வேண்டும். 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் பதினோராம் அட்டவணையில் 29 துறைகளைப் பட்டியலிட்டது. ஆனால் அவற்றை ஊராட்சிகளுக்குக் கொடுக்க ‘வேண்டும்’ என்று சொல்லவில்லை, கொடுக்க‘லாம்’ என்றது. மாநிலங்கள் அந்த ‘லாம்’-ஐ நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன.

உலகில் வேறு வழிகளும் உண்டு. கென்யா தன் 2010 அரசமைப்பின்படி நாட்டை 47 கவுண்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சட்டமன்றம் கொடுத்தது. வார்டுக்கு ஒருவர், நாடு முழுக்க 1,450 வார்டுகள். தேர்தல் முடிந்து பார்க்கும்போது ஏதாவது ஒரு பாலினம் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியிருந்தால், அதைச் சரிக்கட்ட எவ்வளவு தேவையோ அவ்வளவு சிறப்பு இடங்களைக் கட்சிப் பட்டியலிலிருந்து சேர்ப்பார்கள். மாற்றுத் திறனாளிகள், இளைஞர்கள் முதலிய ஒதுக்கப்பட்ட பிரிவினருக்கும் தனி இடங்கள். ஆளுநர் நேரடி வாக்கில் வருவார். மன்றத்துக்குச் சபாநாயகர் வெளியிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுவார். அந்த மன்றம் நிறைவேற்றுவது சட்டம், கவுண்டியின் எல்லைக்குள் அது செல்லும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் அரசமைப்பின் ஆறாம் அட்டவணையிலேயே அசாம், மேகாலயம், திரிபுரா, மிசோரம் மலைகளுக்குத் தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் இருக்கின்றன. பொதுவாக முப்பது பேருக்கு மேல் இல்லை, அதில் நான்கு பேருக்கு மேல் நியமனம் கூடாது, மற்றவர்கள் வாக்கில் வருவார்கள். காப்புக்காடு அல்லாத காடு, நிலம், இடம்மாறிச் செய்யும் சாகுபடி, கிராம மன்றங்கள், தலைமைக்காரர் வாரிசு, சொத்துரிமை, திருமண வழக்கம் ஆகியவற்றில் சட்டம் எழுதலாம். மாநில ஆளுநர் ஒப்புதல் தந்தால் நடைமுறைக்கு வரும். பட்டக்காரரின் அதிகாரம் எதுவரை என்று மலை மக்களே எழுதிவைக்கும் வாய்ப்பு மேகாலயத்தின் காசி மலையில் இருக்கிறது, கொல்லிமலையில் இல்லை.

பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தரும் ஐந்தாம் அட்டவணைகூடக் கொல்லிமலைக்கு வரவில்லை. பத்து மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாடு அதில் இல்லை. மாநிலத்தில் பழங்குடியினர் 2011 கணக்குப்படி 1.1 விழுக்காடுதான் என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். மொத்த மாநிலத்தின் சராசரியை வைத்து ஒரு மலையை அளப்பது இது. பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினராக இருக்கும் ஒன்றியத்தை மாநில சராசரி எப்படி விவரிக்கும்? ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டத்துக்காக 1970களில் பகுதிகளைத் தேர்ந்தபோது கொல்லிமலையைச் சேர்த்தது அதே அரசுதான். பணம் செலவழிக்க அது பழங்குடிப் பகுதி, அதிகாரம் கொடுக்க மட்டும் அல்ல.

ஐந்தாம் அட்டவணை இல்லாததால் 1996-ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதி ஊராட்சி விரிவாக்கச் சட்டம், ‘பெசா’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே அது, இந்த மலைக்குச் செல்லாது. அது சென்றிருந்தால் நிலம் கையகப்படுத்தும்முன் கிராம சபையையோ ஊராட்சியையோ கலந்தாலோசிக்க வேண்டும், சிறு வனப்பொருட்கள் அவற்றின் உடைமை, பழங்குடியினர் நிலம் வெளியார் கைக்குப் போவதைத் தடுக்கும் அதிகாரமும் அவற்றுக்கு. தமிழ்நாட்டில் பழங்குடியினர் நிலக் கைமாற்றத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே இல்லை. வருவாய்த்துறையின் பழைய நிலையாணை ஒன்றுதான் காவல். காப்பியும் மிளகும் விலை ஏறி, சுற்றுலா விடுதி கட்ட ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு அந்த நிலையாணை எவ்வளவு தாங்கும் என்பதை மலையின் பத்திரப்பதிவுகளே சொல்லும்.

மேட்டூர் அலுமினிய ஆலைக்காகக் கொல்லிமலையின் உச்சிகளில் பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டினார்கள். 1997-இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம், அட்டவணைப் பகுதியில் அரசு நிலத்தைப் பழங்குடியல்லாத நிறுவனத்துக்குச் சுரங்கக் குத்தகை விடக் கூடாது என்றது. ஆந்திர மலைகளில் அந்தத் தீர்ப்பு சுரங்கங்களை நிறுத்தியது. அதே தாது, அதே வகை மலை, ஏறத்தாழ அதே வாழ்க்கை. அட்டவணைக்கு வெளியே இருந்ததால் கொல்லிமலைக்கு அந்தத் தீர்ப்பு துணைக்கு வரவில்லை. ஒன்றியக் குழுவோ, பதினான்கு ஊராட்சிகளோ மறுப்புச் சொல்லும் இடத்தில் இருக்கவில்லை.

காலி நாற்காலிகள்

எப்படி அமைந்தாலும் மன்றம் ஒன்று இருந்தால்தானே இந்தப் பேச்சு. தமிழ்நாட்டில் 1970-இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1986-இல். அந்த மன்றங்கள் 1991-இல் முடிந்தன, அடுத்த தேர்தல் 1996. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று அரசமைப்பே சொன்ன பிறகு 2001, 2006, 2011 ஒழுங்காக நடந்தன. 2016-இல் தேர்தல் தேதி அறிவித்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-ஆம் தேதி அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. திமுக தரப்பில் தொடர்ந்த வழக்கின் வாதம், பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்பது. வாதத்தில் நியாயம் இருந்தது. அதன் பலன் பழங்குடியினருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்றால், கொல்லிமலையின் பதினான்கு நாடுகளுக்கும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தலைவரே இல்லை. தனி அலுவலராகப் பிடிஓ ஒருவரே பதினான்கு ஊராட்சிகளுக்கும் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றத்தைக் குறை சொல்வதைவிட, குறையைச் சரிசெய்து ஆறு மாதத்தில் தேர்தல் நடத்தாத அரசுகளைச் சொல்ல வேண்டும். வார்டு வரையறை, மறு வரையறை, மாவட்டப் பிரிப்பு என்று காரணங்கள் அடுக்கி வந்தன.

2020-இல் பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. தேர்தல் வரவில்லை, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் இதே நிலை: 2013-இல் தேர்ந்தெடுத்த வட மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது, அதற்குப் பின் ஆளுநரே சபை. அங்கே பேரினவாத அரசியல் காரணம் என்று எழுதுகிறோம். இங்கே நிர்வாகக் காரணம் என்கிறோம்.

மலை மக்களுக்கு இந்தக் காலி நாற்காலிகள் வெறும் பதவி விவகாரம் அல்ல. ஐந்தாம் அட்டவணை இல்லாவிட்டாலும் கொல்லிமலைக்குச் செல்லும் ஒரு சட்டம் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். காட்டில் உழுதவருக்கு நிலவுரிமையும், ஊருக்குக் காட்டின் பொது உரிமையும் கொடுப்பது. விண்ணப்பத்தை வாங்கி விசாரிக்கும் முதல் அதிகாரம் கிராம சபைக்குத்தான். அது அமைக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத் தடை ஒன்றினால் பட்டா கொடுப்பது 2016 வரை தடைபட்டுக் கிடந்தது. தடை நீங்கியபோது ஊராட்சிகளில் தலைவர்கள் இல்லாமல் போன காலம் தொடங்கியது.

கிராம சபைக்கு மேலே கோட்ட அளவுக் குழு, அதற்கு மேலே மாவட்ட அளவுக் குழு. இறுதி முடிவு மாவட்டக் குழுவில். ஆட்சியரும் வன அலுவலரும் இருக்கும் அந்தக் குழுவில் மாவட்ட ஊராட்சி நியமிக்கும் மூன்று உறுப்பினர்கள் உட்கார வேண்டும், அந்த மூவரில் இருவராவது பழங்குடியினராக இருக்க வேண்டும் என்கிறது விதி. நாமக்கல்லின் கிராமப்புற மக்கள் சுமார் பத்து லட்சம்; மாவட்ட மன்றம் இருபதை ஒட்டிய சிறு மன்றம். மக்கள்தொகைப்படி பழங்குடி ஒதுக்கீடு என்று பார்த்தால் அதில் ஒரு இடம் தேறும். பழங்குடியினரே இல்லாத மன்றத்துக்கு விதியில் மாற்று ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் மட்டும் இருக்கும் மன்றம் என்ன செய்ய வேண்டும் என்று விதி பேசவில்லை. கோட்டக் குழுவுக்கான மூவரையும் இதே மாவட்ட ஊராட்சிதான் ஒன்றிய உறுப்பினர்களிலிருந்து நியமிக்க வேண்டும். அங்கே கொல்லிமலைக் கவுன்சிலர்கள் கைவசம் இருப்பார்கள், நியமிக்கும் மன்றம் இருந்தால். மன்றமே இல்லாத ஆண்டுகளில், ஒரு குக்கிராமத்தின் வன உரிமை மனு செம்மேட்டிலிருந்து நாமக்கல் போய்ச் சேரும்போது, அதைப் படிக்கும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அரசு அலுவலர்கள்.